இயற்பியலை விட்டுட்டு பியானோவா? விஜய் ஐயர் பத்தித் தெரிஞ்சவங்க சொல்லுங்க

பேட்டை முருகன் | வியாழன் இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். இங்க நான் எழுதுறதெல்லாம் பெரும்பாலும் நாதஸ்வர இசைத்தட்டு பத்தித்தான். காருகுறிச்சியார் வாசிப்புல ஊறின காது எனக்கு. இன்னைக்கு வேற விஷயமா வந்திருக்கேன்.

என் மகன் பாளையங்கோட்டையில எம்.எஸ்ஸி. இயற்பியல் கடைசி வருஷம். படிப்பு நல்லா வருது. ரெண்டு வருஷத்துக்கு முன்னால ஒரு கீபோர்டு வாங்கினான். ஹெட்போனை மாட்டிக்கிட்டு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் வாசிக்கான். பாட்டுச் சத்தம் வெளிய வராது. கட்டைய அமுக்குற டக்கு டக்குங்கிற சத்தம் மட்டும் பக்கத்து ரூமுல படுத்திருக்குற எனக்குக் கேக்கும். போன ஞாயித்துக்கிழமை வந்து, "பிஹெச்.டி.க்கு எழுதப் போறதில்லப்பா, பியானோதான்"ன்னு சொல்லிட்டான். அவன் அம்மா அன்னையிலருந்து சரியாச் சாப்பிடல.

"விஜய் ஐயர்னு ஒருத்தர், அவரும் இயற்பியல் படிச்சவர்தான், நீங்களே பாருங்க"ன்னு ஃபோன்ல ஒரு வீடியோ காட்டினான். பத்து நிமிஷம் பார்த்தேன். இடது கை ஒரு கணக்குல போகுது, வலது கை வேற கணக்குல போகுது, டிரம்ஸ்காரர் மூணாவதா ஒண்ணு. எங்க சமம் வருது, அதாவது தாளம் திரும்ப ஆரம்பிக்கிற இடம் எதுன்னு தொடையில தட்டிப் பார்த்தேன், பிடிபடல. ஆனா எந்திரிச்சுப் போகவும் மனசு வரல.

எனக்கு ரெண்டு விஷயம் தெரியணும். அந்த மனுஷன் படிப்பை விட்டுட்டுப் போனாரா, முடிச்சிட்டுப் போனாரா? இதுல அவருக்குச் சோறு கிடைச்சுதா, கிடைச்சுதுன்னா எத்தனை வருஷம் கழிச்சு? பூசி மெழுகாமச் சொல்லுங்க.


வண்ணாரப்பேட்டை கார்த்தி | வியாழன் இரவு 10.05

அண்ணாச்சி, கவலையே படாதீங்க. விஜய் ஐயர் நம்ம ஆளு. தமிழ் அப்பா அம்மாவுக்கு அமெரிக்காவுல பிறந்தவர். கர்நாடக சங்கீதத்தை ஜாஸ்ல கலந்து உலகத்தையே திரும்பிப் பார்க்க வச்சவர். ஹார்வர்டுல பேராசிரியர். தம்பியும் அப்படி வருவான், விட்டுப் பிடிங்க.


பாளை பியானோ | வியாழன் இரவு 11.20

முருகன் அண்ணாச்சி, நான் பாளையங்கோட்டையில முப்பது வருஷமா பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக் கொடுக்கேன். உங்க கேள்விக்கு நேராப் பதில் சொல்ல ஆசைப்படுதேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கோங்க.

பிறந்தது 1971, நியூயார்க் மாநிலத்துல ஆல்பனி. வளர்ந்தது அதே மாநிலத்துல ஃபேர்போர்ட்டுங்கிற சின்ன ஊர். மூணு வயசுல வயலின் கையில கொடுத்துட்டாங்க. பதினஞ்சு வருஷம் முறையாப் படிச்சது வயலின்தான். பியானோவை யாரும் உக்கார வச்சுச் சொல்லிக் கொடுக்கல. காதால கேட்டு, விரலால தேடி, தானாப் பிடிச்சது. இதை என் மாணவர்களோட பெத்தவங்க கிட்டச் சொன்னா நம்ப மாட்டேங்காங்க. எந்த கிரேடு பரீட்சையும் இல்லாமலா இவ்வளவு தூரம் வந்தார்னு கேக்காங்க.

யேல் பல்கலைக்கழகத்துல கணிதமும் இயற்பியலும். அங்க முடிச்சதும் கலிஃபோர்னியாவுல பெர்க்லி, இயற்பியல் ஆராய்ச்சிக்காகவே போனார். அண்ணாச்சி, நீங்க கேட்ட இடம் இதுதான். அங்க முதுகலைப் பட்டம் வாங்கினார். பகல்ல ஆராய்ச்சி, ராத்திரி அந்த வட்டாரத்து ஜாஸ் மேடைகள். ஒரு கட்டத்துல இயற்பியல்ல முனைவர் பட்டம் வேண்டாம்னு முடிவு பண்ணினார். அதுக்காகப் பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறிடல. தொழில்நுட்பத்தையும் கலைகளையும் சேர்த்துத் தனக்குன்னு ஒரு ஆராய்ச்சித் திட்டத்தை அமைச்சுக்கிட்டு, 1998ல அதே பெர்க்லியில முனைவர் பட்டம் வாங்கினார். ஆராய்ச்சிப் பொருள் தாளம். மேற்கு ஆப்பிரிக்க இசையிலயும் கறுப்பின அமெரிக்கர் இசையிலயும் உடம்பு எப்படித் தாளத்தை உணருதுங்கிறது.

முதல் இசைத்தட்டு 1995. அதாவது பட்டம் வாங்குறதுக்கு மூணு வருஷம் முந்தி.

கார்த்தி தம்பி, நீங்க சொன்னதுல ஒண்ணை மட்டும் திருத்தணும். "கர்நாடகத்தை ஜாஸ்ல கலந்தவர்"னு சொன்னா அவரோட வாழ்க்கையில பாதி காணாமப் போயிடும். அவரைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனவங்க கறுப்பின அமெரிக்க மூத்தவர்கள். சாக்ஸஃபோன்காரர் ஸ்டீவ் கோல்மன், டிராம்போன்காரரும் கணினி இசை அறிஞருமான ஜார்ஜ் லூயிஸ், பிறகு ராஸ்கோ மிட்செல், வாதாதா லியோ ஸ்மித். பியானோவுல அவர் திரும்பத் திரும்பப் போய் நிக்கிற வாசல் தெலோனியஸ் மங்க், டியூக் எலிங்டன், ஆண்ட்ரூ ஹில், ஜெரி ஆலன். கர்நாடக லயத்துலருந்து எடுத்துக்கிட்டதும் உண்டு, மறைக்க வேண்டியதில்ல. ஆனா ஒருத்தர் பேருக்குப் பின்னால ஐயர்னு இருக்குங்கிறதுக்காக, அவருக்குச் சோறு போட்ட வீட்டை நாம மறந்துடக் கூடாது.


வண்ணாரப்பேட்டை கார்த்தி | வெள்ளி காலை 7.10

டீச்சர், ஒத்துக்கிடுதேன். ஆனா நம்ம தமிழ்க் காதுல விழுற ஒண்ணு அவர்கிட்ட இருக்குங்கிறதும் உண்மைதானே? 'தீர்த்தா'ன்னு 2011ல ஒரு தட்டு. அதுல கிட்டார் பிரசன்னா, தபலா நிதின் மிட்டா. ராணிப்பேட்டைக்காரர் பிரசன்னாவும் சென்னை ஐ.ஐ.டி.யில கப்பல் கட்டுமானப் பொறியியல் முடிச்சிட்டு கிட்டாருக்கு வந்தவர். ஒரே தட்டுல ஒரு இயற்பியல்காரர், ஒரு கப்பல் பொறியாளர். முருகன் அண்ணாச்சி, இதை வீட்டுல அண்ணியார்கிட்டச் சொல்லுங்க.


அம்பை மாத்திரை | வெள்ளி காலை 8.45

நான் அம்பாசமுத்திரம் பக்கம் பள்ளிக்கூடத்துல கணக்கு வாத்தியார். ஜாஸ் பெருசாத் தெரியாது. ஆனா விஜய் ஐயர் பேரு எனக்கு வேற வழியா வந்து சேர்ந்தது. 2009ல இங்கிலாந்துப் பத்திரிகை கார்டியன்ல ஃபிபனாச்சி எண்கள் பத்தி ஒரு கட்டுரை எழுதியிருந்தார். 3, 5, 8, 13, 21ன்னு, முந்தின ரெண்டையும் கூட்டினா அடுத்தது வருமே, அந்த வரிசை. தன்னோட மூவர் குழு அந்த எண்களை வச்சு ஒரு பழைய பாட்டோட நடையை எப்படி மாத்தி வாசிச்சுதுன்னு விளக்கம்.

விஷயம் இதுதான். எட்டு அடியை 5, 3ன்னு உடைச்சா ஒரு நொண்டி நடை வரும். பதிமூணை 8, 5ன்னு உடைச்சாலும் கிட்டத்தட்ட அதே நொண்டல்தான். இருபத்தொண்ணை 13, 8ன்னு உடைச்சாலும் அப்படியே. வகுத்துப் பாருங்க: 1.67, 1.6, 1.625. எண்ணிக்கை மாறிக்கிட்டே போகுது, நடை மட்டும் மாறல. காது அதை ஒரே ஆளோட நடைன்னே எடுத்துக்கிடுது.

இதை வகுப்புல எப்படிச் சொன்னேன் தெரியுமா? குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு ரெண்டு மாத்திரை, எட்டாவது படிக்கிற பிள்ளைக்கும் தெரியும். மூணு மாத்திரையை எத்தனை விதமா நிரப்பலாம்? குறில் குறில் குறில். நெடில் குறில். குறில் நெடில். மூணு விதம். நாலு மாத்திரைக்குப் பிள்ளைகளைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டேன். நெடில் நெடில். நெடில் குறில் குறில். குறில் நெடில் குறில். குறில் குறில் நெடில். கடைசியா நாலு குறில். அஞ்சு விதம். அஞ்சு மாத்திரைக்கு எட்டு. ஆறுக்குப் பதிமூணு. ஏன்னு கேட்டா, வரி ஒண்ணு குறில்ல முடியணும், இல்ல நெடில்ல முடியணும். குறில்ல முடிஞ்சா மிச்சம் ஒரு மாத்திரை கம்மி, நெடில்ல முடிஞ்சா ரெண்டு மாத்திரை கம்மி. ரெண்டையும் கூட்டினா விடை.

நம்ம நாட்டுல யாப்புக் கணக்குப் போட்டவங்க, விரகாங்கர், பிறகு 12ஆம் நூற்றாண்டுல ஹேமசந்திரர், ஃபிபனாச்சி 1202ல புத்தகம் எழுதுறதுக்கு முன்னாடியே இதைக் கண்டுட்டாங்க. அதனால முருகன் அண்ணாச்சி, உங்க பையன் கணக்கை விட்டு எங்கயும் போயிடல. இந்த வாசிப்பு முழுக்கக் கணக்குதான். சமம் பிடிபடலன்னு சொன்னீங்கல்லா? பதிமூணா எண்ணிப் பாருங்க.


மகுடம் பேரன் | வெள்ளி மதியம் 1.30

வாத்தியார் ஐயா மன்னிக்கணும். கடைசி வரியில எனக்கு உடன்பாடு இல்ல.

எங்க தாத்தா கணியான் கூத்துல மகுடம்ங்கிற தோல் வாத்தியம் அடிச்சவர். அம்பைலருந்து நாங்குநேரி வரைக்கும் அவர் போகாத சுடலை கோயில் கொடைத் திருவிழா கிடையாது. கூத்துல ரெண்டு மகுடம் உண்டு, உச்சம், மந்தம்னு சொல்லுவோம். தாத்தா மந்தம். வைக்கோலைக் கொளுத்தி, தோலைக் காட்டிக் காய்ச்சி, விரல் நுனியால தட்டிப் பார்த்து, போதாதுன்னு மறுபடியும் காட்டுவார். நெருப்பு வெளிச்சத்துல அவர் முகம் தோல் பக்கமாச் சாஞ்சு, காதைக் கொடுத்துக் கேட்டுட்டு இருக்குறது இன்னும் கண்ணுக்குள்ள நிக்கு. அவருக்கு எழுத்தும் தெரியாது, எண்ணும் தெரியாது. "தாத்தா, இது எத்தனை அடி?"ன்னு ஒருக்கா கேட்டேன். "எண்ணிட்டு இருந்தா சாமி எப்படிலே எறங்கும்"ன்னார்.

சாமியாடி ஆடுறப்போ தாத்தா மகுடத்தைப் பார்க்க மாட்டார், பாட்டை நடத்துற அண்ணாவியையும் பார்க்க மாட்டார். சாமியாடியோட கால் பெருவிரலைத்தான் பார்ப்பார். கால் தரையில விழப்போகுதுன்னு தெரிஞ்சு, விழுந்த கையோட, ஒரு கண்ணிமைப்பு பிந்தி அடிப்பார். அந்தப் பிந்துறதுலதான் ஆட்டத்துக்கே வேகம் ஏறும். முந்தி அடிச்சா ஆட்டக்காரர் தடுமாறிடுவார். சரியா அடிச்சா சப்புன்னு போயிடும். இது எந்த மாத்திரையில வரும்? குறில்லயா, நெடில்லயா?

நான் விஜய் ஐயரை இந்த இழையைப் பார்த்த பிறகுதான் தேடிக் கேட்டேன். நேத்து ராத்திரி முழுக்கக் கேட்டேன். டிரம்ஸ்காரர் மார்கஸ் கில்மோருன்னு போட்டிருந்துது. சிம்பல்ல அவர் அடிக்கிறதைக் கேட்டப்போ எனக்கு மந்தம்தான் ஞாபகம் வந்துது. அதைக் கணக்குன்னு சொல்லி முடிச்சிட்டா எங்க தாத்தா மாதிரி ஆளுக எங்க போவாங்க? இது வரைக்கும் அவங்களை யாரும் இசைக்காரங்கன்னு கூடச் சொன்னதில்ல. மேளக்காரருக்கு ஒரு கூலி, எங்க தாத்தாவுக்கு வேற கூலி. சாப்பாடு பின்வாசல்ல. அதையும் இங்க சொல்லணும்னு தோணுது.


அம்பை மாத்திரை | வெள்ளி மாலை 5.15

தம்பி, நீ சொன்னதை ரெண்டு தடவை படிச்சேன். முழுக்கக் கணக்குன்னு நான் எழுதினது தப்பு. உன் தாத்தா விஷயத்துல எனக்குப் பதில் இல்ல. அவர் பேரை நீ இங்க எழுதலன்னாலும் அவர் கையை நாங்க பார்த்த மாதிரி ஆயிட்டு.


பாளை பியானோ | வெள்ளி இரவு 10.50

மகுடம் பேரன், தம்பி, நீங்க எழுதினதைப் படிச்சுட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தேன். உங்க தாத்தா செஞ்சது என்னவோ, அதைத்தான் அந்த மனுஷன் பெர்க்லியில ஆராய்ச்சியா எழுதினார்.

விளக்கமாச் சொல்லுதேன். சினிமாப் பாட்டுலருந்து எல்லாத்துலயும் வர்ற நாலு அடி டிரம்ஸ் நடையை எடுத்துக்கோங்க. ஒண்ணு, மூணுல காலால மிதிக்கிற பெரிய டிரம். ரெண்டு, நாலுல கையால அடிக்கிற ஸ்நேர். ஏட்டுக்கணக்குப்படி ரெண்டாவது அடி, ஒண்ணுக்கும் மூணுக்கும் சரி நடுவுல விழணும். நல்ல டிரம்ஸ்காரர் வாசிச்சதை அளந்து பார்த்தா, அது நடுவுக்குச் சத்தே பிந்தி விழும். நொடியில நூத்துல சில பங்கு. பிந்துதுன்னு கேக்கிறவங்களுக்குத் தோணாது, தலை மட்டும் தானா ஆடும். அதே அடியைக் கணினியில மயிரிழை பிசகாம நடுவுல வச்சா தலை ஆடாது.

விஜய் ஐயர் சொல்றது, இதோட வேர் உடம்புல இருக்குன்னு. பெரிய டிரம் கால், ஸ்நேர் கை. அடிமைகளாக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மக்கள், வட்டமா நின்னு காலை மிதிச்சுக் கையைத் தட்டி வழிபட்ட பழைய சடங்கு வரைக்கும் அதைக் கொண்டு போறார். நடை, மூச்சு, நெஞ்சுத் துடிப்பு, விரல் அசைவு, இதுகளோட வேகத்துக்குள்ளதான் நாம தாளம்னு உணர்றது எல்லாம் அடங்கியிருக்குன்னு வாதம் வைக்கார். தாளம் தலைக்குள்ள ஓடுற எண் மட்டும் இல்ல, உடம்பு உடம்பைக் கேக்குறது. உங்க தாத்தா மகுடத்தைப் பார்க்காமக் கால் பெருவிரலைப் பார்த்தார்னு எழுதினீங்களே, அதுக்கு மேல நான் என்ன உதாரணம் தேட?

எனக்கு இது புரிஞ்சது வேற இடத்துல. இருபது வயசுல எங்க சபையில ஆர்கன் வாசிக்க உக்காந்தேன். மேல்நாட்டு மெட்டுல உள்ள பாமாலை எடுத்தா பிரச்சினை இல்ல, நோட்டுல உள்ளபடி எல்லாரும் கூடவே வருவாங்க. நம்ம ஊர் மெட்டுல உள்ள கீர்த்தனை எடுத்தா போச்சு. நான் ஒரு அடி முன்னால, சபை ஒரு அடி பின்னால. முன்வரிசைப் பாட்டிமார் ஒவ்வொரு வரிக் கடைசியையும் இழுத்து, மூச்சு வாங்கி, பிறகுதான் அடுத்த வரிக்கு வருவாங்க. நான் விடாம, தாளம் தட்டுற மெட்ரோனோம் கருவி மாதிரி வாசிச்சு அவங்களை இழுக்கப் பார்ப்பேன். ஒரு ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு ஒரு பாட்டி வந்து, "எம்மா, நாங்க மூச்சு விடண்டாமா?"ன்னு கேட்டாங்க. அடுத்த வாரத்துலருந்து நோட்டைப் பார்க்குறதை விட்டுட்டு அவங்க தோளைப் பார்த்தேன். தோள் ஏறினா மூச்சு. தோள் எறங்கினா விரல். அன்னைக்குத்தான் நான் வாசிக்கப் படிச்சேன்னு சொல்லலாம்.

அம்பை சார் சொன்ன எண்ணும் பொய்யில்ல. அந்தப் பதிமூணும் இருபத்தொண்ணும் அங்க இருக்கு. ஆனா மூணு பேரும் அதை எண்ணிக்கிட்டு வாசிக்கல. எண்ணி எண்ணி உடம்புக்குள்ள எறக்கிட்டு, பிறகு ஒருத்தரை ஒருத்தர் கேட்டு வாசிக்காங்க. கில்மோர் யாருன்னு தெரியுமா? ராய் ஹெய்ன்ஸுன்னு தொண்ணூறு வயசு தாண்டியும் மேடையேறின பெரிய டிரம்ஸ்காரரோட பேரன். பேரனுக்கு அந்தக் கை எங்கருந்து வந்துதுன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல.


பேட்டை முருகன் | சனி காலை 6.30

ராத்திரி முழுக்க இதைப் படிச்சேன். டீச்சரம்மா, உங்க பதிலை வீட்டுல சத்தமா வாசிச்சுக் காட்டினேன். அவன் அம்மா அடுப்படியில நின்னு கேட்டா.

இன்னும் ஒரு கேள்வி நிக்கு. சோறு. அவ கேக்கச் சொன்னது.


பாளை பியானோ | சனி காலை 9.00

அக்காகிட்ட இதை அப்படியே சொல்லுங்க. முதல் தட்டு 1995. மக்ஆர்தர் நல்கைன்னு அமெரிக்காவுல பெரிய உதவித்தொகை, அஞ்சு வருஷத்துக்குப் பிரிச்சுக் கொடுப்பாங்க, அப்போ 6,25,000 டாலர், அது வந்தது 2013ல. நடுவுல 18 வருஷம். ஹார்வர்டுல பேராசிரியரா உக்காந்தது 2014 தொடக்கத்துல, அப்போ நாப்பத்திரண்டு வயசு. டவுன்பீட்ங்கிற ஜாஸ் பத்திரிகையோட விமர்சகர் வாக்கெடுப்புல ஆண்டின் ஜாஸ் கலைஞர்னு வந்தது 2012ல. அதுக்கு முந்தி வருஷக்கணக்கா சின்னச் சின்ன நிறுவனங்கள்ல தட்டு, சின்ன மேடை, பிறத்தியார் குழுவுல வாசிப்பு. ஒரு பெரிய கதவு திறந்து உள்ள போன கதை இல்ல இது.

இன்னொண்ணும் சொல்லணும். முனைவர் பட்டம்தான் அவருக்கு ஹார்வர்டு வாசலைத் திறந்ததுன்னு நான் நினைக்கல, வாசிப்புதான் திறந்தது. ஆனா உள்ள போய்ப் பேச ஒரு மொழி அந்தப் படிப்புலருந்து கிடைச்சுது. தம்பி எம்.எஸ்ஸி.யை முடிக்கட்டும். அதுல ரெண்டாவது பேச்சே வேண்டாம். அதுக்குப் பிறகு உள்ளதை, அவன் வாசிப்பைக் கேக்காம நான் சொல்ல முடியாது. வீடியோ அனுப்ப வேண்டாம். நேர்ல கூட்டிட்டு வாங்க.

நம்ம ஊர்ல ஜாஸ் பியானோ வாசிச்சுப் பிழைக்க மேடை இல்லங்கிறது உண்மை. கிரேடு பரீட்சைக்குச் சொல்லிக் கொடுத்து, கல்யாண வரவேற்புல கீபோர்டு வாசிச்சு, சபையில வாசிச்சுத்தான் நாங்க ஓட்டுதோம். நான் வேலை பார்த்த ஒரு பள்ளிக்கூடத்துல மூணு மாசச் சம்பளம் இன்னைக்கு வரைக்கும் வரல. இதைத் தெரிஞ்சுக்கிட்டு வரட்டும்.


துபாய் திசையன்விளை | சனி மதியம் 12.10

எல்லாரும் தாளத்தைப் பத்திப் பேசிட்டீங்க. அவர் எதைப் பத்தி வாசிக்காருன்னும் ஒரு வார்த்தை சொல்லணும். நான் பத்தொம்பது வருஷமா வளைகுடாவுல இருக்கேன்.

2001ல ஜாஃபர் பனாஹின்னு ஈரான் நாட்டுத் திரைப்பட இயக்குநர், நியூயார்க் வழியா விமானம் மாறப் போனப்போ பிடிச்சு, விலங்கு மாட்டி உக்கார வச்சாங்க. கைரேகை கொடுக்க மாட்டேன்னார், திருப்பி அனுப்பிட்டாங்க. விமானத்துல பக்கத்துல இருந்தவங்க தன்னைத் திருடன்னு நினைக்காங்களே, நான் திருடன் இல்லன்னு இவங்களுக்கு எந்த மொழியில சொல்லன்னு அவர் தவிச்சார். அந்தத் தவிப்பைத் தலைப்பா வச்சு, மைக் லாட்ங்கிற கவிஞரோட சேர்ந்து விஜய் ஐயர் 2003ல ஒரு படைப்பு செஞ்சார். முழுக்க விமான நிலையம். பயணம் போறவங்க, அங்க வேலை பார்க்குறவங்க, நிறத்தைப் பார்த்து நிறுத்தப்பட்டவங்க.

எனக்கு இங்கிலீசு அரைகுறைதான். ஆனா பியானோ ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பத் தட்டிக்கிட்டே இருக்குறதைக் கேட்டப்போ, முதல் தடவை நான் போய் எறங்கின ராத்திரி வந்துட்டு. அஞ்சு மணி நேரம் ஒரு கண்ணாடி ரூமுக்கு வெளிய உக்கார வச்சிருந்தாங்க. கையில அம்மா கட்டிக் கொடுத்த கருப்பட்டி மிட்டாய். அது என்னன்னு கேட்டாங்க. எனக்குச் சொல்லத் தெரியல. வாயில போட்டுக் காட்டினேன்.

முருகன் அண்ணாச்சி, இந்த மனுஷன் நம்மளப் பத்தியும் வாசிச்சிருக்கார். பேருக்காக இல்ல, இதுக்காக நான் அவரை நம்ம ஆளுன்னு சொல்லுவேன்.


வண்ணாரப்பேட்டை கார்த்தி | சனி மாலை 4.20

அண்ணே, இப்ப கேட்டுட்டுத்தான் வாரேன். தூக்கிப் போட்டுட்டு.

புதுசாக் கேக்குறவங்களுக்கு ஒரு வார்த்தை. முதல்லயே தனிப் பியானோவுக்குப் போகாதீங்க. மூவர் குழுவுல ஆரம்பிங்க, பாஸ்ங்கிற அடிக்குரல் தந்தி வாத்தியம் ஸ்டீஃபன் கிரம்ப், டிரம்ஸ் கில்மோர். 2009ல வந்த 'ஹிஸ்டாரிசிட்டி'யில, ஈழத்தமிழ்க் குடும்பத்துப் பொண்ணு எம்.ஐ.ஏ. பாடின பாட்டு ஒண்ணை எடுத்து வாசிச்சிருக்கார். மூணே நிமிஷம்கிட்ட, வீடே அதிரும். அதுலருந்து 2021ல வந்த 'அன்ஈஸி'க்குப் போங்க. அங்க பாஸ் லிண்டா மே ஹான் ஓ, டிரம்ஸ் டைஷான் சோரி. சோரி 2024ல இசையமைப்புக்காகப் புலிட்சர் பரிசு வாங்கினவர். அதுக்கப்புறம் வாதாதா லியோ ஸ்மித்தோட ஜோடியா 2016ல வாசிச்சது. டிரம்பெட்டும் பியானோவும் மட்டும். அவரைவிட முப்பது வயசு மூத்தவர் ஸ்மித். கேட்டா, வீட்டுல பெரியவங்க பேசும்போது சின்னவங்க காத்திருந்து ஒரு வார்த்தை சொல்ற மாதிரியே இருக்கும்.

டீச்சர் அன்னைக்குச் சொன்னது இதைக் கேட்டப்போதான் எனக்கு முழுசா எறங்குச்சு.


மகுடம் பேரன் | ஞாயிறு இரவு 11.40

முருகன் அண்ணாச்சி, வர்ற செவ்வாய் எங்க பக்கத்துல ஒரு கொடை. கூத்து உண்டு. தாத்தா போயிட்டார், அவர்கிட்டப் படிச்சவர்தான் மந்தம். தம்பியைக் கூட்டிட்டு வாங்க. ராத்திரி பன்னெண்டுக்கு மேலதான் நல்லாருக்கும். கைபேசியில பதிவு பண்ணிக்கிடட்டும், நான் கேட்டு வைக்கேன். இடத்தைத் தனிச் செய்தியில அனுப்புதேன்.


பேட்டை முருகன் | வியாழன் இரவு 9.15

போயிட்டு வந்தோம்.

நான் சின்ன வயசுல கொடைக்குப் போனது, முப்பது வருஷமாப் போகல. மகனுக்கு இதுதான் முதல் தடவை. ரெண்டு மகுடத்துக்கும் நடுவுல தரையில உக்காந்துட்டான். மூணு மணிக்குச் சாமி எறங்கி ஆடுறப்போ கூட்டமே எந்திரிச்சுட்டு, இவன் மட்டும் குனிஞ்சு மந்தக்காரர் கையையே பார்த்துட்டு இருக்கான். பேரன் தம்பி வந்து அவன் முகவாயைத் தூக்கி, "கையப் பாக்காத, காலப் பாரு"ன்னார்.

நேத்து பகல் பூரா அந்தப் பதிவைக் கணினியில போட்டு அலை அலையாப் பிரிச்சுட்டு இருந்தான். சாயந்திரம் என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். திரையில உச்சத்தோட அடி ஒரு கோடு, அடுத்த உச்சம் ஒரு கோடு. நடுவுல ஒரு புள்ளி வச்சிருந்தான். மந்தம் அந்தப் புள்ளியில விழல. அதுக்குப் பக்கத்துல, பிந்தித்தான் விழுந்திருக்கு. ஒரு தடவை இல்ல, காட்டின இடத்துலல்லாம். "அப்பா, இதை அளக்கணும்னா நான் படிச்ச இயற்பியல் வேணும்"ன்னான். அவன் அம்மாவும் வந்து பார்த்தா. "இந்தக் கோடுதான் மகுடமா?"ன்னு கேட்டுட்டு, விரலை வச்சுத் தொட்டுப் பார்த்தா.

பிஹெச்.டி.க்கு எழுதுறதா வேண்டாமான்னு இன்னும் முடிவாகல. நானும் கேக்கல. ராத்திரி மறுபடியும் டக்கு டக்குன்னு கட்டைச் சத்தம். நேத்து எனக்கே தெரியாம என் கால் கட்டில் ஓரத்துல தட்டிட்டு இருந்துது.

டீச்சரம்மா, சனிக்கிழமை நாலு மணிக்கு அவனைக் கூட்டிட்டு வரலாமா?


பாளை பியானோ | வியாழன் இரவு 9.50

அஞ்சு மணிக்கு வாங்க அண்ணாச்சி. நாலு மணிக்கு ஒரு சின்னப் பிள்ளை வரும். அக்காவையும் கூட்டிட்டு வாங்க.

மழை பெஞ்சா என் பியானோவுல மேல்பக்கத்துல ரெண்டு கட்டை ஊதிக்கிட்டு அமுக்கினா எழும்பாது. நகத்தால தூக்கிவிட்டுட்டு வாசிக்கணும். தம்பிகிட்ட முன்னாடியே சொல்லி வைங்க.